மேஜையின் மெதுவான கை

படிவத்தில் பன்னிரண்டு பத்திகள் இருந்தன. பேராசிரியை அதை மடிப்பு மேஜையின் மேல் விரித்து, நீவிவிட்டு, "சும்மா ஒரு சம்பிரதாயம்தான் அக்கா. இப்பல்லாம் இது இல்லாம ஆராய்ச்சி பண்ண விட மாட்டாங்க. கையெழுத்து வராட்டி பரவாயில்ல, ரேகை வச்சாப் போதும்," என்றாள். மை டப்பாவைக்கூடப் பையில் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

ஒண்ணு தன் கட்டைவிரலை மையில் அமுக்கினாள். அவசரப்படவில்லை. இந்தப் பக்கம் புரட்டினாள், அந்தப் பக்கம் புரட்டினாள், மை சரியாக ஒட்டவில்லை என்று மறுபடி அமுக்கினாள். அந்த நேரத்துக்குள் ஏழாவது பத்தியை ஒரு முறை முழுதாகவும், கடைசி வரியை இரண்டு முறையும் படித்து முடித்திருந்தாள். பிறகு, காட்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது பேராசிரியைக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

ஒண்ணு என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. புத்தகம் வைத்த பெயர். பதினோரு வருடங்களுக்கு முன்னால், மருத்துவமனைகளிலிருந்து வரும் விரிப்புகளை வெளுத்து உருளையில் தேய்த்து அனுப்பும் அந்தச் சலவைக்கூடத்தில், மடிப்பு மேஜைக்கு ஒரு புதுப் பெண் வேலைக்கு வந்தாள். கைகள் இரண்டும் வெண்ணெய் மாதிரி இருந்தன. விரிப்பின் நான்கு முனைகளில் எது எது என்றே தெரியாது. எல்லோரும் அவளைப் புதுசு என்றார்கள். அவளுக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தது இவள்தான். உருளையிலிருந்து வரும் துணியை எந்த இடத்தில் பிடித்தால் ஆவி சுடாது, முதுகு வலி இடுப்புக்கு இறங்காமல் இருக்க எந்தக் காலை முன்னே வைக்க வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். புதுசுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் படுக்க வைத்தாள். எட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை புதுசு வரவில்லை. போன இடம் தெரியவில்லை. பாவம், யாரோ கட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று மேஜையில் பேசிக்கொண்டார்கள்.

புத்தகம் வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் வேலை செய்ய வந்தவளே இல்லை என்று. சமூகவியலுக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கான பாடப்புத்தகம் அது. நான்காவது அத்தியாயம் ஆராய்ச்சி முறைகள். அதில் ஒரு முறைக்குப் பங்கேற்று உற்றுநோக்கல் என்று பெயர். ஆராய்கிறவர் தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்து, அவர்களோடு உண்டு உழைத்து, உள்ளேயிருந்து பார்த்து எழுதுவதாம். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு சலவைக்கூடம். மேஜையின் எட்டுப் பேருக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்துத் தகவலாளி என்று எழுதியிருந்தாள். புனைப்பெயரைவிட எண் பாதுகாப்பு என்று அடிக்குறிப்பு வேறு.

அந்தப் புத்தகத்தை யார் படித்தால் ஆகாதோ அவனேதான் முதலில் படித்தான். மேற்பார்வையாளன் விசில். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் விசில். பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் வேண்டும் என்று தபாலில் படித்துக்கொண்டிருந்தான். எளிதாக இருக்கும் என்று யாரோ சொல்லிச் சமூகவியல் எடுத்திருந்தான். ஒரு நாள் காலையில் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேஜையருகே வந்து நின்று, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "நீ ஒண்ணு. நீ ரெண்டு. நீ மூணு..." என்று விரல் நீட்டி எண்ணினான். எட்டும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அதுவே பெயரானது. முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது.

அந்த அத்தியாயத்தில் இருந்த விஷயம் இதுதான். மேஜைக்கு மணிக்கு நூற்றைம்பது விரிப்பு மடிக்க முடியும். ஆனால் நூற்றுப்பத்துக்கு மேல் மடிப்பதில்லை. இதை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. யாராவது வேகம் கூட்டினால் பக்கத்தில் நிற்பவர் விரல்முட்டியால் மேஜையை இரண்டு முறை தட்டுவார். டொக், டொக். அவ்வளவுதான். வேகம் இறங்கிவிடும். இதற்குப் புத்தகத்தில் முறைசாராக் குழுவின் நெறி என்று பெயர். தட்டுவதற்கு முறைசாராக் கண்டிப்பு என்று பெயர். இது குழுவை உடையாமல் கட்டிக்காக்கிறது என்று ஒரு கோட்பாட்டுக்காரர்கள் சொல்வார்களாம். இல்லை, இது முதலாளியோடு தொழிலாளி நடத்தும் சத்தமில்லாத சண்டை என்று இன்னொரு கோட்பாட்டுக்காரர்கள் சொல்வார்களாம். மாணவர்கள் எந்தப் பக்கம் என்று யோசித்து இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும்.

மேஜையைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கும். அஞ்சு.

அஞ்சு என்பது ஒண்ணுவின் நாத்தனார், கணவனின் தங்கை. அவளை வேலைக்குக் கூட்டி வந்ததே ஒண்ணுதான். வந்த இரண்டாம் வருடம் உருளை அவள் வலது கையைக் கவ்வியது. ஒண்ணுதான் இயந்திரத்தை நிறுத்தி இழுத்தெடுத்தாள். புண் ஆறியது, மணிக்கட்டு திரும்பவில்லை. மடிப்பின் கடைசித் திருப்பத்தை அவள் முழங்கையால் செய்வாள். அந்தக் கைக்கு நூற்றுப்பத்துதான் எல்லை. அதனால்தான் மேஜைக்கும் நூற்றுப்பத்து. வேறொரு கோட்பாடும் கிடையாது.

கணக்கு வெளிவந்த வாரமே விசில் நூற்றைம்பது என்று பலகையில் எழுதி மாட்டினான். பதினேழாம் நாள் வேலை போய் அஞ்சு வீட்டில் இருந்தாள்.

ஒண்ணு மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். நாற்பத்துமூன்று வயது. எழுத்தெல்லாம் முதலில் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. விசில் தேர்வு முடிந்து பழைய காகிதக் கூடையில் வீசியிருந்த புத்தகத்தை அவள் எடுத்து, விரிப்பின் உறையில் சுற்றி வைத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் புத்தகம் அதுதான். அதிலும் நான்காவது அத்தியாயம் மட்டும். மற்றவர்கள் எதற்கோ படிக்கக் கற்றார்கள், பேருந்துப் பலகைக்கோ, பிள்ளைகளின் கடிதத்துக்கோ. இவளோ புதுசு மேல் இருந்த வன்மத்தில் கற்றாள். வன்மம் நல்ல வாத்தியார். ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை.

அத்தியாயத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு வந்ததும் அவள் புத்தகத்தை மூடிவிடுவாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் சொல்லவே இல்லை.

இப்போது புதுசு பேராசிரியையாகத் திரும்பி வந்திருந்தாள். பாடப்புத்தகம் புதுப் பதிப்பு காணப்போகிறதாம். அதே ஆட்களைப் பத்து வருடம் கழித்து மறுபடி ஆராய்வது அபூர்வமாம், யாரும் செய்ததில்லையாம். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியிருந்தாள். இந்த முறை ஒளிவுமறைவு இல்லை, ஒலிப்பதிவுக் கருவி இருந்தது, படிவம் இருந்தது. மேஜையைப் பார்த்ததும் கண் கலங்கினாள். அது நடிப்பில்லை என்பதை ஒண்ணுவும் பார்த்தாள். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

"அஞ்சு எங்கக்கா? அவங்கள காணோமே?"

"வீட்ல இருக்கா."

"ஓ, ஓய்வு வாங்கிட்டாங்களா," என்று பேராசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒண்ணு அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தாள். ஆமாம் என்றாள். அன்று மாலையே அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் நாத்தனாரிடம் உட்கார வைத்தாள்.

அடுத்த பதினோரு மாதம் ஒண்ணு செய்ததெல்லாம் ஒரே வேலை. பேராசிரியைக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தாள். மேஜையில் எல்லோரிடமும், வாயை மூடாமல் பேசுங்கள், ஒன்றையும் மிச்சம் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். பொய் ஒன்றுகூடச் சொல்லக் கூடாது என்றாள். பொய் என்றால் அவள் கண்டுபிடித்துக் கிழித்துப் போட்டுவிடுவாள், உண்மை என்றால்தான் விட மனசு வராது. மூணு தன் தோள்பட்டை நூற்றைம்பதில் எப்படிக் கழன்றது என்று சொன்னாள். ஆறு தன் கணவன் குடித்ததையும் நிறுத்தியதையும் அவனைப் போலவே நடித்துக் காட்டினாள். ரெண்டு மேஜையின் கோமாளி. அவன் விசில் பேசுவது, நடப்பது, மூக்கைச் சிந்துவது எல்லாவற்றையும் செய்து காட்டினான். பேராசிரியை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாத்தனாரோ எல்லோரையும்விட அதிகம் பேசினாள். வீட்டில் ஒன்பது வருடமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் எதிரே ஒருத்தி உட்கார்ந்து, அப்புறம், அப்புறம் என்று கேட்டால் பேசாமல் என்ன செய்வாள்.

ஒண்ணுவுக்கு அது ஒன்றுதான் உறுத்தியது. பேராசிரியை வரும் நாட்களில் நாத்தனார் தலை வாரி உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியையும் பதிலுக்குப் பாடம் நடத்தினாள். மாதிரி எடுப்பது என்றால் என்ன, எட்டுப் பேரில் எட்டுப் பேரும் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம், ஒருவர் விலகினால்கூட முடிவு எப்படிக் கோணிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னாள். ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு, "உங்க நாத்தனார் இருக்காங்க பாருங்க, அவங்க ஒருத்தங்க பேசினதே போதும்கா. மத்ததெல்லாம் போனாக்கூட அந்த அத்தியாயம் நிக்கும்," என்றாள்.

ஒண்ணு அதையும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப்படி வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது என்று பேராசிரியையே சொன்னாள். இதை வைத்துத்தான் துறைத் தலைவி பதவி என்றும் சொன்னாள். அந்த வாரத் திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் ஒண்ணு மேஜையைக் கூட்டி, படிவத்தின் ஏழாவது பத்தியை மனப்பாடமாகச் சொன்னாள். பங்கேற்பாளர், வெளியீட்டுக்கு முன் எந்த நேரத்திலும், காரணம் கூறாமல், ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். அதுவரை அவர் அளித்த தகவல்கள் அனைத்தும், அவர் விரும்பினால் அவர் கண் முன்பாகவே, அழிக்கப்படும்.

உருளை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, இதுக்குத்தான் பதினோரு மாசம் எங்கள கத்த விட்டியா," என்றாள் மூணு. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் தோள் அன்றும் கழன்றுதான் இருந்தது.

ரெண்டுதான் இழுத்தான். தன் பேர் புத்தகத்தில் வரும் ஒரே வாய்ப்பு இது, இதையும் கெடுக்கிறாயா என்றான்.

"பேரு எங்கடா வருது? ரெண்டுன்னுதான் வரும்," என்றாள் ஒண்ணு.

அவன் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று பேனாவைக் கேட்டான். ஏழு பேருடைய விலகல் கடிதத்தையும் ஒண்ணுவே தன் கையால் எழுதியிருந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, செங்கல் அடுக்கியதுபோல நின்றது.

எட்டாவது கடிதத்தை அன்று மாலை வீட்டுக்கு எடுத்துப் போனாள். நாத்தனார் அதைத் தொடவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு, முழுதும் கேட்டுக்கொண்டு, சன்னல் பக்கம் பார்த்தாள்.

"நான் பேசினது எல்லாமே போயிடுமா அண்ணி?"

"எல்லாமே."

"என் குரலு வேற எதுலயும் இல்லல்ல?"

"இல்ல."

நாத்தனார் மறுபடி சன்னல் பக்கம் திரும்பினாள். ஒண்ணு மனதுக்குள் கணக்குப் போட்டாள். இவள் ஒருத்தி மறுத்தால் போதும், அத்தியாயம் பிழைத்துவிடும். அதைவிட, மறுப்பதற்கு இவளுக்குத்தான் உரிமை இருக்கிறது. இவளுக்காக என்று சொல்லிக்கொண்டு ஒன்பது வருடமாகக் காய்ச்சிய வஞ்சம், இவளைக் கேட்காமலேயே காய்ச்சியதுதானே.

"நான் கையெழுத்து போடல. அவங்க ரூமுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் நாத்தனார் கடைசியில்.

புதன்கிழமை காலை ஷிப்ட் முடிந்து எட்டுப் பேரும் கல்லூரிக்குப் போனார்கள். பேராசிரியையின் அறை மூன்றாம் மாடி. சுவர் முழுக்கப் புத்தகம், நடுவில் நீளமான மேஜை, மேஜை மேல் கணினி. அவர்கள் உள்ளே நுழைந்ததும் அறையெல்லாம் சலவைத் தூள் வாசம். பேராசிரியை, வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாற்காலி தேடினாள். ஒண்ணு ஏழு கடிதங்களை அவள் முன் வைத்தாள்.

முதல் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் பேராசிரியையின் முகம் வெளுத்துப்போனது. மற்ற ஆறையும் புரட்டினாள். எல்லாம் ஒரே கையெழுத்து. இதை யார் எழுதிக் கொடுத்தது, எந்தச் சங்கம், எந்த வக்கீல் என்று கேட்டாள். ஒண்ணு பதில் சொல்லாமல், விரிப்பின் உறையைப் பிரித்து, முனை மடங்கிய பழைய புத்தகத்தை எடுத்து, நான்காவது அத்தியாயத்தைத் திறந்தாள். நின்றபடி படித்தாள். விரல் வரியின் கீழே ஊர்ந்தது.

"'மேஜையின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் மிக மெதுவான கை. ஐந்தாம் தகவலாளியின் மணிக்கட்டு விபத்தில் செயலிழந்தது. குழு இதை... நிர்வாகத்திடமிருந்து மறைத்து வருகிறது.'"

அடுத்தது அந்த வரி. ஒண்ணுவின் விரல் அதன் மேல் நின்றது. தாண்டிவிடலாம். அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஆனால் பேராசிரியையை அவள் எழுதியதைக் கேட்க வைத்துவிட்டுத் தான் சொன்னதை மட்டும் விழுங்குவது எப்படி? உருளைச் சூட்டில் புதுசின் கை கொப்பளித்த நாள் அது. தன் மடியில் அந்தக் கையை வைத்து மருந்து போட்டுக்கொண்டே, இதற்குப் போய் அழுகிறாயே, என் நாத்தனாரைப் பார் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். அந்த நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல எத்தனையோ முறை இருந்திருக்கிறது.

"'இதை என்னிடம் நம்பிக்கையுடன் தெரிவித்தவர் ஒன்றாம் தகவலாளி.'"

அவள் நாத்தனாரைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

"தெரியும் அண்ணி," என்றது நாத்தனாரின் குரல். "வேற யாரு சொல்லியிருப்பா. மேல படிங்க."

மேலே படிக்க ஒன்றுமில்லை. ஒண்ணு புத்தகத்தை மூடினாள். பேராசிரியை அவள் கையில் இருந்த புத்தகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். அந்த ரேகை, அந்த மை, பதினோரு மாதம். விசில் அதைப் படிப்பான் என்று எழுதும்போது தனக்குத் தெரியாது என்றாள். தெரிந்திருந்தால் அந்த வரியை எடுத்திருப்பேன் என்றாள். சலவைக்கூடத்தின் பேரை எங்கும் எழுதவில்லை, யார் பேரையும் எழுதவில்லை.

"எல்லார் பேரையும் மாத்தித்தானேக்கா எழுதினேன்?"

"பேர மாத்தினீங்க மேடம். மணிக்கட்ட மாத்தலையே," என்றாள் ஒண்ணு.

பேராசிரியை உட்கார்ந்துவிட்டாள். பிறகு, விழப்போகிறவர் கிளையைப் பிடிப்பதுபோல, கடிதங்கள் ஏழுதான் என்பதைக் கவனித்தாள். நாத்தனார் பக்கம் திரும்பினாள். நீங்கள் எழுதித் தரவில்லையே, உங்கள் பதிவுகள் இருக்கட்டும், உங்களுக்கு நடந்தது உலகத்துக்குத் தெரிய வேண்டாமா, இந்த முறை அதை நியாயமாக எழுதுகிறேன் என்று கெஞ்சினாள். அவள் சொன்னதில் பாதி உண்மையாகவும் இருக்கலாம்.

நாத்தனார் நாற்காலியை இழுத்துக் கணினிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"எதை அமுக்கினா அழியும்?"

பேராசிரியை கணினியை நோக்கி எழுந்தாள்.

"நானே அழிக்கணும். கண்ணு முன்னாடின்னு எழுதியிருக்காமே. எனக்குக் கண்ணு மட்டும் போதாது, கையாலயும் செய்யணும்."

எண்பத்தாறு பதிவுகள் இருந்தன. பேராசிரியை திரையில் பட்டியலைத் திறந்து காட்டினாள். நாத்தனார் வலது கையைத்தான் கணினியின் சுட்டெலி மேல் வைத்தாள். இடது கை நன்றாகவே வேலை செய்யும். வலது கையை வைத்தாள். அதற்கு மணிக்கட்டு திரும்பாது என்பதால் தோளிலிருந்து நகர்த்த வேண்டியிருந்தது. அம்புக்குறி தவறித் தவறிப் போய்க் கடைசியில் முதல் பதிவின் மேல் நின்றது. நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்ற இடத்துக்கு இன்னொரு பயணம். ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடம் ஆனது.

நான்காவது பதிவில் விரல் தவறுதலாகப் பட்டு, அது ஒலிக்க ஆரம்பித்தது. நாத்தனாரின் சிரிப்பு. ரெண்டு விசிலைப்போல மூக்குச் சிந்தியதை யாரோ சொல்ல, அவள் அடக்க மாட்டாமல், இழுத்து இழுத்துச் சிரித்தது. அவள் அப்படிச் சிரித்து ஒண்ணு கேட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நாத்தனார் தலையைச் சாய்த்து, வேறு யாருடைய சிரிப்பையோ கேட்பதுபோலக் கேட்டாள். இதை மட்டும் விட்டுவிடு என்ற சொல் ஒண்ணுவின் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது. நாத்தனார் சிரிப்பை முடியும்வரை கேட்டாள். பிறகு அம்புக்குறியைத் தோளால் தள்ளிக்கொண்டு போய் அதையும் அழித்தாள்.

பேராசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்கு அவளுக்கு வகுப்பு இருக்கிறதாம். எங்களுக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது, ஒன்றும் அவசரமில்லை என்றான் ரெண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. மற்றவர்கள் மேஜையைச் சுற்றி, பழைய வழக்கத்தில், பக்கத்துக்கு மூன்றாக நின்றார்கள்.

பதினோராவது பதிவில் பேராசிரியையால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கில் அழித்துவிடலாம், இப்படிக் கொடுங்கள் என்று முணுமுணுத்தபடி, நாத்தனாரின் கைக்கு மேலாகத் தன் கையை நீட்டினாள்.

அந்த மடிப்பு மேஜையில் நாத்தனார் எட்டு வருடம் நின்றிருந்தாள். அத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவள் யாரையும் தட்டியதில்லை. தட்டியவர்கள் எல்லோரும் அவளுக்காகத்தான் தட்டினார்கள். இப்போது அவள் சுட்டெலியை விட்டுவிட்டு, திரும்பாத அந்தக் கையைத் தூக்கி, விரல்முட்டியை மேஜை மேல் இறக்கினாள்.

டொக், டொக்.

அதற்கு என்ன பொருள் என்று பேராசிரியைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். நாத்தனார் பன்னிரண்டாவது பதிவைத் தேடத் தொடங்கினாள்.